எண்ணெய், நீர், கழிவுநீர்: வெடிவாயுச் சூழலில் பம்புகள்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், உற்பத்திச் செயல் என்பது யாது என வரையறுக்குமிடத்தில், எண்ணெய், நீர், கழிவுநீர் அல்லது வேறெந்தப் பொருளையும் பம்பு வைத்து ஏற்றுவதை ஒரே வரியில் சேர்த்துச் சொன்னது. வெடிவாயு என்ற ஆபத்தை மனத்தில் கொண்டு அந்த வரி எழுதப்பட்டதாகத் தோன்றவில்லை எனினும், அந்த மூன்று பொருள்களும் அருகருகே நிற்பது பொருத்தமே; ஏனெனில் எண்ணெய் ஏற்றும் பம்பை அஞ்சிக் கையாளும் அதே ஊர், கழிவுநீரும் குடிநீரும் ஏற்றும் பம்பைப் பொதுவாக அஞ்சுவதில்லை. திருச்சிராப்பள்ளியில் மூன்றும் உண்டு: துவாக்குடியை அடுத்த வாழவந்தான்கோட்டையில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் எண்ணெய் முனையம், காவிரிக் கரையில் கம்பரசம்பேட்டை நீரேற்று நிலையம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தட்டையான தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கத்தில் பாதாள சாக்கடையும் அதன் உந்து நிலையங்களும். செந்தண்ணீர்புரத்தில் கழிவுப்பாகிலிருந்து எரிசாராயம் வடிக்கும் ஆலையையும் சேர்த்துக்கொண்டால், வெடிவாயுச் சூழலில் பம்பு என்ற பொருளின் பெரும்பகுதி ஒரு மாநகரத்தின் சுற்றுவட்டாரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

வெடிவாயுச் சூழல் என்பது, எரியக்கூடிய வாயுவோ ஆவியோ காற்றுடன் கலந்து, ஓரிடத்தில் பற்றிய தீ கலவை முழுவதும் தானாகவே பரவும் நிலையில் இருப்பதைக் குறிக்கும். கலவையில் வாயு மிகக் குறைந்தாலும் பற்றாது, மிகக் கூடினாலும் பற்றாது. இவ்விரு எல்லைகளுக்கு நடுவில்தான் அது வெடிக்கும். பெட்ரோல் ஆவிக்கு இவ்வரம்பு ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு, மீத்தேனுக்கு 5 முதல் 15, எரிசாராயத்துக்கு 3.3 முதல் 19. சாக்கடையில் அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடுக்கு 4 முதல் 44. இந்த எண்கள் வெறும் அட்டவணை அல்ல. மூடிய பெட்ரோல் தொட்டியின் உள்வெளியில் ஆவி அடர்ந்து மேல் எல்லையைத் தாண்டிவிடுவதால் அங்கே தீ பற்றுவது அரிது. வெளியே கசிந்து காற்றில் நீர்த்த பின்னரே பெட்ரோல் ஆபத்தாகிறது. எரிசாராயமோ 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தன் தொட்டியின் உள்வெளியை ஏறத்தாழ 10 விழுக்காடு ஆவியால் நிரப்புகிறது. அதாவது திருச்சியின் சாதாரண நாளொன்றில் தொட்டிக்குள் இருக்கும் காற்றே வெடிக்கும் கலவையாக நிற்கிறது. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் கொள்கையால் எண்ணெய் முனையங்களுக்குள்ளும் எரிசாராயத் தொட்டிகள் வந்துவிட்ட நிலையில், பெட்ரோலில் பழகிய கைகள் இந்த வேறுபாட்டைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய சூழலில் மற்ற இயந்திரங்களைக் காட்டிலும் பம்பு கவலைக்குரியதாக இருப்பதற்குக் காரணம், அது ஒரே நேரத்தில் கசிவின் ஊற்றாகவும் தீயின் ஊற்றாகவும் இருக்கக்கூடியது என்பதே. சுழலும் தண்டு பம்பின் உறையை விட்டு வெளியே வந்து மோட்டாரோடு சேருமிடத்தில் ஒரு துளை இருந்தே ஆக வேண்டும். அத்துளையை அடைக்க வயல் பம்புகளில் கிளாண்ட் பேக்கிங் எனப்படும் பின்னிய கயிறு சுற்றப்படுகிறது, அக்கயிறு தேய்ந்து சூடாகாமலிருக்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது உழவர்க்குத் தெரிந்ததே. தண்ணீருக்குச் சரியான அந்த ஏற்பாடு பெட்ரோலுக்கு ஆகாது. ஆகவே எண்ணெய்ப் பம்புகளில் மெருகேற்றிய இரண்டு வளைய முகங்கள் ஒன்றையொன்று அழுத்திச் சுழலும் மெக்கானிக்கல் சீல் பொருத்தப்படுகிறது. ஆபத்து மிகுந்த திரவங்களுக்கு இரட்டைச் சீலும், இரண்டுக்கும் இடையே தீங்கற்ற திரவமும் வைக்கப்படுகின்றன. தண்டுத் துளையையே ஒழித்துவிட்டுக் காந்த விசையால் சுழற்றும் பம்புகளும் உண்டு. மெக்கானிக்கல் சீலின் முகங்களை ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் வைத்திருப்பது அவற்றுக்கிடையே நுழையும் மிக மெல்லிய திரவப் படலம்தான் என்பதால், திரவம் இன்றிப் பம்பு ஓடும்போது, பணியாளர் மொழியில் சொன்னால் 'ட்ரை ரன்' ஆகும்போது, கசிவைத் தடுக்க வேண்டிய சீலே கொதிக்கும் பரப்பாக மாறிவிடுகிறது.

திரவம் நிறைந்த பம்புக்குள் காற்று இல்லை, காற்று இல்லாத இடத்தில் வெடிப்பும் இல்லை. எனவே பம்பின் உட்புறத்தைப் பொறுத்தவரை முதல் காவல் அது ஏற்றும் திரவமே. தொட்டி அடிமட்டம்வரை வற்றும்போதும், உறிஞ்சுகுழாயில் காற்று புகும்போதும், பழுதுபார்த்த பம்பை முதன்முறை ஓட்டும்போதும் அக்காவல் இல்லாமல் போகிறது. அதே நேரத்தில் இம்பெல்லர் என்னும் சுழல்சக்கரம் உறையை உரசினால், பேரிங் கிரீஸ் வற்றிச் சூடேறினால், தீக்குத் தேவையான எரிபொருள், காற்று, சூடு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடிவிடுகின்றன. வெளியேற்றும் வால்வை மூடி வைத்துவிட்டுப் பம்பை ஓடவிடுவதும் இதற்குச் சற்றும் குறைந்ததன்று: போக வழியில்லாத திரவம் உள்ளேயே கடையப்பட்டுச் சூடேறி ஆவியாகிறது. மின்சாரத்தால் எழும் பொறியை மட்டுமே நெடுங்காலம் கணக்கில் கொண்டிருந்த தரநிலைகள், உராய்வும் சூடும் போன்ற இயந்திரவழித் தீமூலங்களுக்கென ஐஎஸ்ஓ 80079-36 என்ற தனி ஆவணத்தை 2016இல்தான் பெற்றன. குறைந்த மட்டத்தில் மோட்டாரை நிறுத்தும் கருவி, பேரிங்கின் சூட்டைக் காட்டும் உணரி, மோட்டாரின் சுமை திடீரெனக் குறைந்தால் நிறுத்தும் ரிலே ஆகிய மூன்றும் விலையில் அற்பமானவை. அவற்றைக் கழற்றிவிட்டு நேரடியாக ஓட்டும் வழக்கம்தான் விலை மிகுந்தது.

சென்னை மணலியிலிருந்து திருச்சி வழியாக மதுரை செல்லும் 683 கிலோமீட்டர் குழாய்ப்பாதையில் வரும் பெட்ரோலியப் பொருள்கள் வாழவந்தான்கோட்டை முனையத்தில் இறக்கப்பட்டுத் தொட்டிகளில் சேர்ந்து, பம்புகளால் டேங்கர் லாரிகளுக்கு ஏற்றப்படுகின்றன. 2002ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகள், தீப்பற்றும் அளவுக்கு ஆவி எழத் தொடங்கும் வெப்பநிலை 23 டிகிரிக்குக் கீழே உள்ளவற்றை ஏ வகுப்பாக வகுக்கின்றன. பெட்ரோலுக்கு அது உறைநிலைக்கும் பல பத்து டிகிரி கீழே. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பே இத்தகைய இடங்களுக்கு உரிமம் வழங்குவதும், அங்கே பொருத்தும் மின்கருவிகளுக்கு ஒப்புதல் தருவதும். வெடிக்கலவை எப்போதும் இருக்கும் இடம் மண்டலம் 0, வழக்கமான இயக்கத்திலேயே அவ்வப்போது தோன்றக்கூடிய இடம் மண்டலம் 1, ஏதேனும் கோளாறு நேர்ந்தால் மட்டும் சிறிது நேரம் தோன்றக்கூடிய இடம் மண்டலம் 2 என்று வளாகம் முழுவதையும் வரைபடத்தில் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஏற்ற பம்பையும் மோட்டாரையும் தேர்ந்தெடுப்பதே நடைமுறை. குழாயில் வேகமாக ஓடும் பெட்ரோல் நிலைமின்னூட்டம் பெறுவதால், டேங்கரின் நிரப்புகுழாய் வாய் திரவத்தில் மூழ்கும்வரை வேகம் வினாடிக்கு 1 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பதும், லாரிக்கு எர்த் இணைப்பு கொடுத்த பின்னரே பம்பு ஓடுமாறு பூட்டு வைக்கப்படுவதும் இதன் தொடர்ச்சியே.

வரைபடத்தில் கோடு போடுவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் சீதாபுராவில் இருந்த எண்ணெய் முனையம் காட்டியது. வேறொரு முனையத்துக்குப் பெட்ரோல் அனுப்புவதற்காகக் குழாய் வழியைத் திறந்தபோது கட்டுக்கடங்காமல் பீறிட்ட பெட்ரோல், ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கொட்டி, காற்றைவிடக் கனமான தன் ஆவியை வளாகம் முழுவதும் தரையோடு தரையாகப் பரப்பிய பின்னரே வெடித்தது. 11 பேர் மாண்டனர். விசாரித்த எம். பி. லால் குழு, நிர்வாகக் கட்டடத்தில் இருந்த தீச்சுடர்க் காப்பற்ற மின்கருவியோ வளாகத்தில் கிளப்பப்பட்ட வாகனமோ தீமூட்டியிருக்கலாம் எனக் கருதியது. பம்பு நின்ற இடத்தில் எல்லாம் விதிப்படியே இருந்தாலும், கசிவைத் தொலைவிலிருந்து அடைக்கும் வால்வு இல்லாவிட்டால், ஆபத்தற்றதாகக் குறிக்கப்பட்ட அலுவலக அறையின் சாதாரண சுவிட்சே போதுமானதாகிவிடுகிறது.

எண்ணெய் முனையத்தில் ஆபத்து வாசலிலேயே பலகை எழுதி அறிவிக்கப்படுகிறது. சாக்கடையில் அப்படி அன்று. 1994இல் திருச்சி மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட ஸ்ரீரங்கத்தில், இருபுறமும் ஆறு சூழ்ந்த தட்டையான நிலத்தில், கழிவுநீர் தன் ஓட்டத்திலேயே நெடுந்தொலைவு செல்ல முடியாது. ஆழத்தில் சேர்த்துப் பம்பு வைத்து மேலேற்றித்தான் அனுப்ப வேண்டும். மூடிய குழாயில் தேங்கும் கழிவுநீரில் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் பெருகி மீத்தேனையும் ஹைட்ரஜன் சல்பைடையும் வெளியிடுகின்றன, வெப்பம் மிகுந்தால் இவ்வேலை விரைவுபடுகிறது. காவிரிக் கரையின் வெப்பத்தில் இது ஆண்டு முழுவதும் நடக்கும். மீத்தேன் காற்றைவிட இலேசானது, மணமற்றது. கிணற்றின் மூடிக்கடியிலும் கூரையின் உட்புறத்திலும் சேரும். ஹைட்ரஜன் சல்பைடு சற்றுக் கனமானது, அடியில் தங்கும். காற்றில் பத்து இலட்சத்தில் 100 பங்கை நெருங்கும்போது மூக்கை மரக்கச் செய்துவிடுவதால், நாற்றம் நின்றது என்பது வாயு நின்றதற்கு அடையாளமன்று. அதே வாயு செம்பையும் அரிக்கிறது. மோட்டாரின் இணைப்பு முனைகள் கறுத்துத் தளர்ந்து பொறி விடத் தொடங்குவதற்கு அதுவே காரணமாகலாம். இந்த வாயுக்களால் சாக்கடைக்குள் இறங்கியவர்கள் மூச்சடைத்து மாண்ட செய்திகள் நாட்டில் தொடர்ந்து வந்ததன் பின்னணியில்தான், தற்காப்பின்றி மனிதரை இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. நச்சைப் பற்றிய அந்த விழிப்புணர்வில் நூற்றில் ஒரு பங்குகூட, அதே வாயு வெடிக்கும் என்பதைப் பற்றி இல்லை.

தண்ணீர் ஏற்றும் பம்பே வெடிப்புக்குக் காரணமான நிகழ்ச்சி இங்கிலாந்தில் பதிவாகியுள்ளது. லங்காஷயர் பகுதியில் லூன் ஆற்று நீரை வயர் ஆற்றுக்குத் திருப்பும் திட்டத்தின் அபிஸ்டெட் வால்வுக் கூடத்தில், 1984 மே 23 மாலை, செயின்ட் மைக்கேல்ஸ் கிராம மக்களும் நீர்வாரியத்தினருமாக 44 பேர் கூடியிருந்தனர். நீர் எப்படித் திருப்பிவிடப்படுகிறது என்பதைக் காட்டப் பம்புகள் ஓட்டப்பட்டன. பதினேழு நாள்கள் ஓடாமலிருந்த நெடிய சுரங்கக் குழாயில் நீர் இறங்கி வெற்றிடம் உண்டாகி, பாறை நிலத்திலிருந்து ஊறிய மீத்தேன் அதை நிரப்பியிருந்தது. பம்புகள் தள்ளிய நீர், பிஸ்டனைப் போல அந்த வாயுவை முன்னே தள்ளிக்கொண்டு போய் மக்கள் நின்ற நிலத்தடிக் கூடத்துக்குள் சேர்த்தது. வெடிப்பில் 16 பேர் இறந்தனர், மற்றவர் அனைவரும் காயமடைந்தனர். பம்பு அங்கே தீ மூட்டவில்லை, கசியவும் இல்லை. வாயுவை இடம் மாற்றியது, அவ்வளவே. கழிவுநீர் உந்துகுழாய்க்கும் இதே இயற்பியல் பொருந்தும்: மின்வெட்டாலோ பழுதாலோ நெடுநேரம் நின்ற பம்பு மீண்டும் ஓடும் முதல் சில நிமிடங்களில், குழாயின் மேடான இடங்களில் சேர்ந்த வாயு முழுவதும் மறுமுனையிலுள்ள ஆள்நுழை குழிக்கு வந்து சேர்கிறது. வைகுண்ட ஏகாதசி நாள்களில் ஸ்ரீரங்கத்தின் மக்கள்தொகை சட்டென்று பன்மடங்காகும்போது பம்புகள் ஓய்வின்றி ஓடுவதும், கூட்டம் கலைந்தபின் அடிக்கடி நின்று ஓடுவதும் இயல்பு. ஒவ்வொரு தொடக்கத்திலும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்காவதால், மணிக்கு எத்தனை முறை தொடங்கலாம் என்று உற்பத்தியாளர் குறித்திருக்கும் எண் பண்டிகை நாளில்தான் உண்மையில் சோதிக்கப்படுகிறது. நீர்மூழ்கிப் பம்பின் மோட்டாரைக் குளிர்விப்பது சுற்றியுள்ள கழிவுநீரே என்பதால், கிணற்றை அடிவரை உறிஞ்சிச் சுத்தமாக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்கூட மோட்டாரை வாயுவுக்கு நடுவே சூடாக நிற்க வைத்துவிடும்.

இத்தகைய இடங்களுக்கான மோட்டாரைத் தொழிற்பேட்டைகளில் எஃப்எல்பி மோட்டார் என்பர். தீச்சுடர்க் காப்பு உறை கொண்டது என்பது பொருள். அது வாயு புகாத உறை என்று பலரும் எண்ணுவது தவறு. வாயு உள்ளே புகும், உள்ளே வெடிக்கவும் கூடும் என்று ஒப்புக்கொண்டே அவ்வுறை வடிவமைக்கப்படுகிறது. அந்த வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் கனமும், மூடியும் உடலும் சேருமிடத்தில் அகன்ற இரும்பு முகங்களும் அதற்கு உண்டு; அம்முகங்களின் இடையே உள்ள மயிரிழை இடைவெளி வழியாக வெளிவரும் தீ, இருபுற இரும்பிடமும் தன் சூட்டை இழந்து, வெளியே உள்ள வாயுவைப் பற்றவைக்கும் வலிமையற்றதாகிவிடுகிறது. ஹம்ப்ரி டேவி 1815இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்காகக் கம்பிவலை போர்த்திய விளக்கைச் செய்தபோது பயன்படுத்திய கொள்கையே இது. ஆய்வகச் சோதனையில் மீத்தேன் தீ கடக்க முடியாத இடைவெளி ஏறத்தாழ 1.1 மில்லிமீட்டர்; எத்திலீனுக்கு 0.65, ஹைட்ரஜனுக்கு 0.29 மட்டுமே. 2ஏ, 2பி, 2சி என்று மோட்டாரின் தகட்டில் பொறிக்கப்படும் தொகுதி எழுத்துகள் இவ்வேறுபாட்டையே குறிக்கின்றன. இந்தியாவில் இத்தகைய உறைகளைச் சோதிக்கும் மரபு, சுரங்கத் தொழிலின் தலைநகரான தன்பாத்தில் உள்ள மத்திய ஆய்வு நிறுவனத்தோடு வளர்ந்தது என்பதில் வியப்பில்லை.

தொகுதி எழுத்தை அடுத்து வரும் டி1 முதல் டி6 வரையிலான குறி, கருவியின் பரப்பு அடையக்கூடிய உச்ச வெப்பத்தைச் சொல்கிறது: டி1 என்றால் 450 டிகிரி, டி3 என்றால் 200, டி4 என்றால் 135, டி6 என்றால் 85. மீத்தேன் தானே பற்ற 500 டிகிரிக்கு மேல் வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடுக்கு 260 போதும். ஆகவே சாக்கடைப் பம்பை மீத்தேனை மட்டும் நினைத்துத் தேர்ந்தெடுப்பது பிழை. இன்னொரு செய்தி திருச்சிக்கே உரியது. தகட்டில் வேறு எண் இல்லையெனில், சான்றிதழ் செல்லுபடியாகும் சுற்றுப்புற வெப்பநிலை 40 டிகிரி வரை மட்டுமே. அக்னி நட்சத்திர நாள்களில் நிழலிலேயே அதைத் தாண்டுவது அரிதல்லாத ஊரில், வெயிலில் தகிக்கும் தகரக் கூரைக்கடியில் நிற்கும் மோட்டாருக்கு 50 டிகிரி என்று குறித்த தகட்டைக் கேட்டு வாங்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளியில் இந்த ஒரு வரி விடுபட்டால் மற்றெல்லாச் சான்றும் வீண். கிணற்றின் மட்டத்தை அறியும் மிதவைச் சுவிட்சுக்கு வேறு வகைக் காப்பு உண்டு: பொறி எழுந்தாலும் வாயுவைப் பற்றவைக்கப் போதாத அளவுக்கு மின்னாற்றலையே குறைத்து அனுப்புவது. 1913இல் வேல்ஸ் நாட்டின் செங்ஹெனித் சுரங்கத்தில் 439 தொழிலாளரைப் பலிகொண்ட வெடிப்புக்குப் பின், சுரங்க மணிகளின் சிறு மின்பொறியை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த முறை இது.

இவ்வளவு நுணுக்கமும் எளிதாக அழிவது பழுதுபார்ப்பில்தான். வட கடலின் பைப்பர் ஆல்பா எண்ணெய் மேடையில், 1988 ஜூலை 6 அன்று, பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த பம்பொன்றை, அது கழற்றப்பட்டது அறியாமல் இரவுப் பணியினர் ஓட்டியதில் தொடங்கிய தீ 167 பேரைக் கொன்றது. வேலை அனுமதிச் சீட்டு ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சரியாகப் போய்ச் சேராததே அதன் வேர். நம் ஊர்களில் அதைவிடச் சத்தமில்லாத வழி ஒன்று உண்டு. எரிந்த மோட்டாரை வைண்டிங் கடைக்குக் கொடுத்து மறுநாளே திரும்பப் பெறும் திறமை தமிழகத்தின் பெரும் வசதி. உழவும் சிறுதொழிலும் அதை நம்பியே நடக்கின்றன. ஆனால் எஃப்எல்பி மோட்டார் அதே மேசைக்கு வரும்போது, ஒட்டிக்கொண்ட மூடியை உளி வைத்து நெம்புவதால் முகத்தில் விழும் கீறல், துரு போக எமரித் தாளால் தேய்ப்பது, காணாமற்போன ஓரிரு போல்ட்டுகளுக்குப் பதிலாக வேறு தரத்துப் போல்ட்டு, முகங்களுக்கு நடுவே நல்லெண்ணத்தோடு வைக்கும் ரப்பர் கேஸ்கெட், சான்றில்லாத கேபிள் கிளாண்ட் ஆகிய எதுவும் மோட்டாரின் ஓட்டத்தைச் சிறிதும் கெடுப்பதில்லை. மோட்டார் முன்னைவிட நன்றாகவே ஓடும். தீயைத் தணிக்கும் இடைவெளி மட்டும் அங்கே இராது. ஓடுகிறதா என்று பார்த்துப் பெற்றுக்கொள்பவருக்கு இது தெரியவும் தெரியாது.

ஐஇசி 60079-19 என்ற தரநிலை இதற்காகவே உள்ளது. பழுதுபார்த்த பின் முகங்களின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து எழுதி வைக்க வேண்டும் என்பது மட்டுமன்றி, சான்றிதழ் வரைபடத்துக்கும் தரநிலைக்கும் முழுமையாக ஒத்துவரும் மோட்டாரில் சதுரத்துக்குள் 'ஆர்' என்ற எழுத்தையும், தரநிலைக்கு மட்டும் ஒத்துவருவதில் தலைகீழ் முக்கோணத்துக்குள் அதே எழுத்தையும் பொறிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. இரண்டுக்கும் ஒத்துவராத மோட்டாரிலிருந்து வெடிக்காப்புத் தகட்டையே நீக்கிவிட வேண்டும். அதன்பின் அது சாதாரண மோட்டார். திறந்தவெளியில் வயல் கிணற்றுக்குத் தாராளமாகப் பயன்படும், உந்து நிலையத்துக்குத் திரும்பக் கூடாது.